பழைய கேம் கேசட்டை ஏலத்தில் விடும்போது உண்மையில் எது விலை போகிறது?

2014 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்கிற ஊரின் பழைய குப்பைக் கிடங்கை எந்திரம் வைத்துத் தோண்டினார்கள். 1983 செப்டம்பரில் அட்டாரி நிறுவனம், விற்காமல் தேங்கிப்போன தன் வீடியோ கேம்களை டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிப் புதைத்த இடம் அது. முப்பது வருடம் மண்ணுக்கடியில் கிடந்த சரக்கில் சுமார் 1,300 மேலே வந்தன. நசுங்கியவை, பெட்டி கிழிந்தவை, லேபிளில் மண் ஏறியவை, பக்கத்தில் போனாலே குப்பை நாற்றம் அடிப்பவை. டிவியில் செருகினால் ஓடுமா என்று யாரும் கேட்கவே இல்லை. நகராட்சி அவற்றில் 881-ஐ ஈபே என்கிற இணைய ஏலத் தளத்தில் ஏலம் விட்டது, மொத்தம் 1,07,930 டாலர் வந்தது. பெட்டியோடு இருந்த 'ஈ.டி.' என்கிற கேம் ஒன்று மட்டும் 1,535 டாலருக்குப் போனது. அதே 'ஈ.டி.' சுத்தமாக, நன்றாக ஓடுகிற நிலையில், அதே தளத்தில் சில டாலருக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

மண்ணில் கிடந்ததற்கு ஏன் இவ்வளவு விலை? அதன் கதைக்காக என்று சொல்லலாம், அது பாதி பதில்தான். கதை எல்லோரும் சொல்லலாமே, ஒரு பழைய 'ஈ.டி.'யை எடுத்து நம் தோட்டத்து மண்ணைப் பூசி 'இதுவும் அலமகோர்டோவில் எடுத்ததுதான்' என்று நானும் போடலாம், நீங்களும் போடலாம். நகராட்சி விற்ற ஒவ்வொன்றுக்கும் பதிவு எண்ணும் சான்றிதழும் இருந்தன. வாங்குகிறவர் மனதில் 'இது அந்தக் குழியிலிருந்து வந்ததுதானா' என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போனது. பழைய கேம்களை ஆன்லைன் ஏலத்தில் சில வருடங்களாக வாங்கியும் விற்றும் வருகிறவன் என்ற முறையில் நான் சொல்லவருவது இவ்வளவுதான்: இந்தச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவரின் சந்தேகம். ஒவ்வொரு சந்தேகத்தையும் விற்கிறவர் தீர்த்துவைக்க, தீர்த்துவைக்க விலை ஏறுகிறது, தீர்க்காமல் விட்டால் அந்தச் சந்தேகத்தின் மதிப்பை வாங்குகிறவர் தன் ஏலத்தொகையில் கழித்துக்கொள்கிறார்.

(கார்ட்ரிட்ஜ் என்று எழுதவேண்டியதை நம் ஊர் வழக்கப்படி கேசட் என்றே எழுதுகிறேன். சின்ன வயதில் டிவி கேம் வைத்திருந்த யாருக்கும் அந்தச் சொல் போதும்.)

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதினார், பின்னால் 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். காரின் கோளாறு விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாக் காரையும் சுமாரான கார் என்றே வைத்து விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை யார் கொடுப்பார்கள்? நல்ல கார்கள் சந்தையை விட்டுப் போய்விடும், மிச்சம் இருப்பது ஓட்டை உடைசல்தான். காரையாவது ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம், ஆன்லைனில் கேசட்டைத் தொடக்கூட முடியாது. நாலு போட்டோ, பத்து வரி விவரம், விற்கிறவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் (முன்பு அவரோடு வியாபாரம் செய்தவர்கள் தந்த பாராட்டின் கணக்கு), இதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

ஈபேயில் நடந்த முதல் விற்பனையே இதற்கு நல்ல உதாரணம். 1995 செப்டம்பரில் பியர் ஓமிட்யார் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது அதன் பெயர் ஆக்‌ஷன்வெப். அதில் முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று புரிந்துதான் வாங்குகிறீர்களா என்று ஓமிட்யார் எழுதிக் கேட்டாராம், உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் நான் சேகரிக்கிறேன் என்று வாங்கியவர் பதில் எழுதினாராம். உடைந்ததை உடைந்தது என்று எழுதிப் போட்டதால்தான் அது போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. நான் விற்கும்போது இன்றும் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு காசை விடுகிறார்கள். நம் ஊர்க் கோயில் ஏலத்தில் ஒருவர் நின்று 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூப்பிடுவார், எதிராளி கேட்டால் நாம் மேலே கேட்போம். ஈபேயில் நீங்கள் உங்கள் உச்சபட்சத் தொகையை ஒரே தடவை எழுதிவிட்டுப் போய்விடலாம். அது வெளியே தெரியாது. உங்களுக்காகத் தளமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். நீங்கள் 60 டாலர் வரை போகத் தயார், உங்களுக்கு அடுத்தவர் 45 வரைதான் தயார் என்றால், 46-க்கு உங்களுக்குக் கிடைக்கும், 60 கொடுக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட இரண்டாவது ஆளின் தொகைதான் விலை. வில்லியம் விக்ரி 1961-ல் எழுதிய ஏலக் கோட்பாட்டின் சாரமும் இதுதான், அப்படிப்பட்ட ஏலத்தில் மனதில் இருக்கும் உண்மையான மதிப்பை எழுதுவதே லாபம் என்று அவர் காட்டினார்.

இதில் விற்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கேசட்டுக்கு உயிரை விடுகிற ரசிகர் ஒருவர் இருந்தால் போதாது, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 500 டாலர் தரத் தயாராக இருந்தாலும் இரண்டாவது ஆள் 40-லேயே நின்றுவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 41. அந்த இரண்டாவது ஆளை உள்ளே கொண்டுவருவதுதான் விவரம் எழுதுவதன் வேலை. முதல் ஆளுக்கு எதுவும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, போட்டோவைப் பார்த்தே லேபிளின் நிறத்திலிருந்து எல்லாம் சொல்லிவிடுவார். தயங்கி நிற்கிறவர் இரண்டாமவர்தான்.

அப்புறம் கடைசி நொடி ஆட்டம். ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும், மூன்றாம் தரம் என்று கூப்பிட்டுக் காத்திருக்க ஆள் இல்லை. அதனால் ஆறு நாள் வெறிச்சோடிக் கிடக்கிற ஏலம் கடைசி அரை நிமிடத்தில் தாறுமாறாக ஏறும். அமேசானும் 1999-ல் ஏலம் நடத்தத் தொடங்கியது, அங்கே அப்போது கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் தானாக நீண்டது. ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் எழுதினார்கள்: கடைசி நேரத்தில் பாய்வது ஈபேயில்தான் மிக அதிகம், அனுபவம் கூடக்கூட அந்தப் பழக்கமும் அங்கே கூடுகிறது. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் இன்றும் நேரம் நீள்கிற வசதி இருக்கிறது. விற்கிறவருக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை, முடிகிற நேரம் ஆட்கள் வீட்டில் இருக்கிற நேரமாக இருந்தால் போதும். ஞாயிறு மாலை என்று எல்லோரும் சொல்வது அதற்குத்தான்.

ஏலமே விடலாமா, விலை போட்டு விற்கலாமா என்பது இன்னொரு கேள்வி. ஈபே 2000-லேயே நேரடி விலை வசதியைக் கொண்டுவந்துவிட்டது, இன்று அங்கே பெரும்பாலான விற்பனை அப்படித்தான் நடக்கிறது. என் கணக்கு எளிமையானது. முடிந்த விற்பனைகளைத் தேடிப் பார்க்கிற வசதி தளத்திலேயே இருக்கிறது. போன மாதம் மட்டும் அதே கேசட் இருபது விற்றிருந்தால் விலை ஊருக்கே தெரிந்த விஷயம், அதை ஏலம் விட்டால் அதே விலைக்கோ அதற்குக் கீழேயோதான் போகும். ஒரு வருடத்தில் ஒன்றோ இரண்டோ விற்றிருந்தால், அல்லது உங்களிடம் இருப்பதுபோல் ஒன்று விற்றதாகவே தெரியாவிட்டால், அப்போது ஏலம்தான் சரி. யாருக்கும் விலை தெரியாத பொருளுக்கு விலை கண்டுபிடிக்கத்தானே ஏலம் இருக்கிறது. கேட்கிற பட்டியல் விலையைப் பார்த்து ஏமாறவேண்டாம், ஆயிரம் டாலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுவைக்கலாம், விற்றுமுடிந்த விலைதான் விலை.

தொடக்க விலையைப் பற்றி ஒரு சோதனை உண்டு, அதுவும் வீடியோ கேமை வைத்தே செய்தது. தன்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் இருவரும் எக்ஸ்பாக்ஸ் கேம்களையும் இசை சிடிக்களையும் ஈபேயில் ஏலம் விட்டுப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கேமை ஒரு தடவை 4 டாலர் தொடக்க விலை, அனுப்புவது இலவசம் என்று போட்டார்கள், இன்னொரு தடவை ஒரு சென்ட் தொடக்க விலை, அனுப்பும் செலவு 3.99 என்று போட்டார்கள். இரண்டும் கூட்டினால் ஒன்றுதான். ஆனாலும் ஒரு சென்ட்டில் தொடங்கியதற்கு ஆள் அதிகம் வந்தார்கள், முடிந்த விலையும் அதிகம். இன்றைக்கு இதை அப்படியே செய்யச் சொல்லமாட்டேன், 2011-லிருந்து ஈபே அனுப்பும் செலவுக்கும் சேர்த்துத்தான் கமிஷன் எடுக்கிறது, தேடுகிறவர்களும் இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பழகிவிட்டார்கள். ஆனால் குறைந்த தொடக்க விலை கூட்டத்தைச் சேர்க்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு பெண் வீட்டிலிருந்த பழைய நின்டெண்டோ கேம் எந்திரத்தையும் சில கேம்களையும் ஒன்றாகச் சேர்த்து ஈபேயில் போட்டார். அதில் 'ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்' என்று ஒன்று பெட்டியோடு இருந்தது. 1987-ல் பாண்டாய் நிறுவனம், காலால் மிதித்து ஓடுகிற ஒரு பாயோடு சேர்த்து வெளியிட்ட ஓட்டப்பந்தய கேம் அது. அடுத்த வருடமே அந்தப் பாயின் உரிமையை நின்டெண்டோ வாங்கி, 'பவர் பேட்' என்று பெயர் மாற்றி, கேமையும் 'வேர்ல்டு கிளாஸ் ட்ராக் மீட்' என்று வேறு பெயரில் போட்டது. பழைய பெயரில் கடைக்குப் போனவை கொஞ்சம்தான். போட்டோவில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்ட சேகரிப்பாளர்கள் மோதிக்கொண்டார்கள், 13,105 டாலரில் முடிந்தது. அந்தச் செய்தி பரவியதும் கான்சாஸில் ஒருவர் தன்னிடம் பிரிக்காமலே இருந்த ஒன்றைக் கண்டெடுத்து ஏலம் விட்டார், அது 41,300 டாலருக்குப் போனது. உள்ளே ஓடுகிற ஆட்டமோ கிட்டத்தட்ட ஒன்றுதான், 'வேர்ல்டு கிளாஸ் ட்ராக் மீட்' கேசட்டை இன்றும் சில டாலருக்கு வாங்கலாம். ஐரோப்பாவில் வந்த 'ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்' கூட இந்த விலைக்குப் பக்கத்தில் வராது. அந்தப் பெண்ணுக்குப் பெரிய தொகை கிடைத்ததற்குக் காரணம் அவர் பெட்டியைத் தெளிவாகப் போட்டோ எடுத்துப் போட்டதுதான், பொருள் என்ன என்பது அவருக்கு முழுதாகத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 'பழைய நின்டெண்டோ, கேம்கள் உண்டு' என்று மூடிய பையைக் காட்டியிருந்தால் யாரோ ஒருவர் ஐம்பது டாலருக்கு எடுத்துப்போயிருப்பார்.

பெட்டி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளர்கள் நிலையை மூன்றாகப் பிரிப்பார்கள்: கேசட் மட்டும், பெட்டியும் கையேடும் சேர்ந்தது, பிரிக்காதது. அமெரிக்காவில் அந்தக் காலத்து நின்டெண்டோ, சூப்பர் நின்டெண்டோ கேம்கள் அட்டைப்பெட்டியில்தான் வந்தன. பிள்ளைகள் கிழித்துப் போட்டார்கள், பெற்றோர்கள் மறுநாளே குப்பையில் போட்டார்கள். கேசட் லட்சக்கணக்கில் இருக்கும், அதன் பெட்டி அபூர்வமாக இருக்கும். 1995-ல் அமெரிக்காவில் வந்த 'எர்த்பவுண்ட்' வழிகாட்டிப் புத்தகத்தையும் உள்ளே வைத்துப் பெரிய பெட்டியில் வந்தது, அன்றைக்குச் சரியாகப் போகவில்லை, இன்று அந்தக் கேசட்டே விலை அதிகம், பெட்டி, புத்தகம், வாசனைச் சீட்டு எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு. அதனால் வீட்டில் பரண் சுத்தம் செய்யும்போது காலிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலிப் பெட்டி, தனிக் கையேடு, உள்ளே வந்த போஸ்டர், எல்லாமே தனித்தனியாக ஏலம் போகும்.

இனி கேசட்டுக்கு உள்ளே. ஏலப் பக்கங்களில் அதிகம் பார்க்கிற சொல் 'சோதிக்கவில்லை' என்பது. சிலர் உண்மையிலேயே சோதிக்க எந்திரம் இல்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் படிக்கிற எல்லோரும் அதை 'ஓடவில்லை' என்றே எடுத்துக்கொள்கிறார்கள், விலையும் அதற்குத் தகுந்தபடிதான் வரும். ஜப்பானிய ஏலத்தில் இதற்கென்றே 'ஜங்க்' என்ற வகை இருக்கிறது, சோதிக்காததும் பழுதானதும் அந்தப் பெயரில் வெளிப்படையாகவே வரும், வாங்குகிறவரும் அந்தக் கணக்கிலேயே வாங்குவார்.

நான் ஒரு தடவை செய்ததைச் சொல்கிறேன். இங்கே அமெரிக்காவில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஒரு ஷூ டப்பா நிறைய கேம் பாய் (நின்டெண்டோவின் கையடக்க கேம் எந்திரம்) கேசட் கிடைத்தது, அதில் 'போக்கிமான் சில்வர்' இரண்டு. செருகிப் பார்த்தால் இரண்டுமே ஓடின, ஆனால் ஆட்டத்தைச் சேமித்து அணைத்துப் போட்டால் சேமித்தது காணாமல் போனது. இந்தக் கேசட்டுகளில் சேமிப்பு ஒரு சின்ன பட்டன் பேட்டரியின் தயவில் இருக்கிறது. 'கோல்டு', 'சில்வர்', 'கிரிஸ்டல்' மூன்றிலும் அது சிஆர்2025. ஆட்டத்துக்குள் இரவு பகல் ஓடுகிற கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும், 2000-ல் வந்த கேசட்டில் இன்றும் பழைய பேட்டரி உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம். பின்னால் உள்ள ஸ்க்ரூ சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாது, 3.8 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியைக் கீழ்ப்பக்கமாக மெல்ல இழுத்தால் தனியே வந்துவிடும். உள்ளே பச்சை போர்டு, அதில் தகடு வைத்துப் பற்றவைத்த பேட்டரி, போர்டின் மேல் நின்டெண்டோ என்று தெளிவான அச்சு. பழைய பேட்டரியைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டு, தகடு வைத்தே வருகிற புதுப் பேட்டரியைப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம்.

இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அந்த உள்போர்டின் போட்டோவை ஏலத்தில் சேர்த்து, பேட்டரி எந்த மாதம் மாற்றியது, சேமித்து மறுநாள் திறந்து பார்த்தது, தொடர்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தது, லேபிளின் வலது மூலையில் நகக்கீறல் இருப்பது என்று எல்லாவற்றையும் எழுதினேன். இன்னொன்றுக்கு வெளியே எடுத்த இரண்டு போட்டோவும் 'நன்றாக ஓடுகிறது' என்ற ஒரு வரியும்தான். முதலாவது, இரண்டாவதைப்போல ஒன்றரை மடங்கு விலைக்குப் போனது. இரண்டு கேசட்டை வைத்து விதி எழுதமுடியாது என்று எனக்கும் தெரியும், ஆனால் அன்றிலிருந்து உள்ளே திறந்து போட்டோ எடுக்காமல் எதையும் போட்டதில்லை.

உள்ளே காட்டுவதற்கு இன்னொரு பெரிய காரணம் போலிகள். போக்கிமான் கேசட்டுகளில் போலி மிக அதிகம், குறிப்பாக கேம் பாய் அட்வான்ஸில் வந்த 'எமரால்டு'. வாங்குகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் அதை நாமே முதலில் காட்டிவிடலாம். அசல் லேபிளில் இரண்டு எழுத்தோ எண்ணோ அச்சில் இல்லாமல் அழுத்தி இறக்கியதுபோல் லேசாகத் தெரியும், விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால்தான் போட்டோவில் விழும். கீழே தொடர்பு முனைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் போர்டில் நின்டெண்டோ பெயர் இருக்கும். அட்வான்ஸ் கேசட்டின் பின்னால் மூன்று கால் ஸ்க்ரூ, போலிகளில் பெரும்பாலும் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ. இந்த மூன்று போட்டோ இருந்தால் அசலா என்று கேட்டு ஒருவரும் செய்தி அனுப்பமாட்டார்கள். போலி என்று தெரிந்தே விற்பது ஏமாற்று வேலை மட்டும் இல்லை, அசல் வைத்திருக்கிற ஒவ்வொருவரின் விலையையும் அது கீழே இழுக்கிறது, அகெர்லாஃப் சொன்ன அதே கணக்குதான்.

விற்கிறவருக்கும் ஆபத்து உண்டு. ஏலத் தளம் ஒன்றில் நான் விற்ற கேசட்டை வாங்கியவர், ஓடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வந்த பார்சலைப் பிரித்தால் லேபிள் வெளுத்த வேறு கேசட். தன்னிடம் இருந்த ஓடாததை எனக்கு அனுப்பிவிட்டு என்னுடையதை வைத்துக்கொண்டார். நான் அனுப்பியது எது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. மனசு விட்டுப்போய் இரண்டு மாதம் எதையும் விற்கவில்லை. இப்போது போர்டின் மேல் உள்ள சிப் எண்களைப் படமெடுத்து அதையும் விவரத்தில் போட்டுவிடுகிறேன், மாற்ற நினைப்பவர் அதைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடுவார். திருப்பி வாங்கமாட்டேன் என்று எழுதிப் போட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈபேயில் அது செல்லாது, விவரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்று வாங்கியவர் சொன்னால் வந்துசேர்ந்த நாளிலிருந்து 30 நாள் வரை முறையிடலாம்.

செலவுக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஈபேயில் கேம்களுக்கு 13 சதவீதத்துக்குச் சற்று மேலே கமிஷன், அதுவும் விலை, அனுப்பும் செலவு, விற்பனை வரி எல்லாம் சேர்ந்த தொகையின் மேல். அமெரிக்கத் தபாலில் புத்தகத்துக்கும் சிடிக்கும் மீடியா மெயில் என்று மலிவான வழி இருக்கிறது, பலரும் கேமையும் அதில் போட்டுவிடுகிறார்கள், ஆனால் வீடியோ கேம் அதில் அனுப்பக்கூடாது என்பது தபால்துறை விதி, பார்சலைத் திறந்து பார்த்து மீதிக் கட்டணத்தை வாங்குகிறவரிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அலமகோர்டோ நகராட்சிக்கே வந்த 1,07,930 டாலரில் 26,600 டாலருக்கு மேல் பார்சலுக்கும் மற்றச் செலவுக்கும் போனது, நான்கில் ஒரு பங்கு.

நம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணுக்கும் மதிப்பு இருக்கிறது. பால் ரெஸ்னிக் குழுவினர் ஒரே மாதிரியான பழைய தபால் அட்டைகளை, நல்ல பெயர் வாங்கிய பழைய கணக்கிலிருந்தும் புதுக் கணக்குகளிலிருந்தும் ஈபேயில் விற்றுப் பார்த்தார்கள், பழைய கணக்குக்கு 8.1 சதவீதம் அதிகம் கிடைத்தது. அதனால் புதிதாக வருகிறவர்கள் விலை உயர்ந்த கேசட்டை முதல் ஏலமாக விடாமல் இருப்பது நல்லது. பத்துப் பதினைந்து சின்னப் பொருட்களை ஒழுங்காக அனுப்பிப் பெயர் எடுத்தபின் அதை வெளியே எடுக்கலாம்.

சந்தேகம் தீர்ப்பதையே தனித் தொழிலாக்கியவர்களும் வந்தார்கள். கேமை ஆராய்ந்து மதிப்பெண் போட்டு, திறக்கமுடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கிற நிறுவனங்கள். அப்படி மதிப்பெண் பெற்ற, பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 2021 ஜூலை 11 அன்று டல்லாஸின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு 'செல்டா' கேம் 8.7 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. 1996-ல் லட்சக்கணக்கில் விற்ற ஒரு கேமுக்கு இது என்ன விலை என்று சேகரிப்பாளர்களே கேட்டார்கள், மதிப்பெண் போடுகிறவர்கள் விலையைச் செயற்கையாக ஏற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து 2022-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது, அந்த நிறுவனம் மறுத்தது. அந்த உச்சத்திலிருந்து விலைகள் நன்றாகவே இறங்கிவிட்டன. விளையாடவே முடியாமல் உறைக்குள் அடைத்த கேம் எனக்குப் பிடிக்காது, அது என் சொந்த ரசனை. ஆனால் ஓர் எண்ணுக்கு மக்கள் எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தார்கள் என்பது இந்தச் சந்தையைப் புரிந்துகொள்ள உதவும்.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் அடிக்கடி கேட்பது: 'தம்பி, நம்ம வீட்டுப் பரணில் அந்த டிவி கேம் கேசட்டெல்லாம் கிடக்கே, அதை வித்தா எவ்வளவு வரும்?' பெரும்பாலும் வராது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஜப்பானிய எந்திரத்தைப் பார்த்து நகலெடுத்தவை, '9999 கேம்' என்று மஞ்சள் கேசட்டில் வந்தவையும் நகல்தான். அவற்றையும் தேடிச் சேர்க்கிற சிலர் இருக்கிறார்கள், ஆனால் அது ஆசைக்காக, காசுக்காக அல்ல. ஈபேயின் இந்தியத் தளமும் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கிவந்த அசல் கேசட் ஏதாவது இருந்தால் மட்டும் மேலே சொன்ன மாதிரி திறந்து பாருங்கள்.

இந்த விற்பனையெல்லாம் நடக்க ஒரு சட்ட அடித்தளம் வேண்டும், அது எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் 1908-ல், ஒரு புத்தகத்தை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று பதிப்பாளர் உள்ளேயே அச்சிட்டிருந்தும் மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பதிப்பாளர் தோற்றார். ஒரு தடவை விற்ற பிரதியின் மேல் பதிப்பாளருக்குப் பிடி இல்லை என்ற கொள்கை அங்கே நிலைத்தது. ஜப்பானில் கேம் நிறுவனங்கள் பழைய கேம் விற்பனையைத் தடுக்கப் பார்த்தன, 2002 ஏப்ரல் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்கிற கேம் எந்திரம் வரும்போது பழைய கேமைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, எழுந்த எதிர்ப்பைப் பார்த்து ஜூன் 19 அன்று பின்வாங்கியது.

ஆனால் மென்பொருளில் கதை வேறு. டிமோதி வெர்னர் என்பவர் ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளின் பழைய பொட்டலங்களை ஈபேயில் விற்றார், அதைத் தயாரித்த ஆட்டோடெஸ்க் நிறுவனம் புகார் கொடுத்து அவர் ஏலங்களை நீக்கவைத்தது. அவர் வழக்குப் போட்டு முதலில் வென்றார், 2010-ல் மேல்முறையீட்டில் தோற்றார். விற்கப்பட்டது பொருள் இல்லை, உரிமம்தான் என்றது நீதிமன்றம். இன்று டவுன்லோட் செய்து வாங்குகிற கேம் எல்லாமே அந்த உரிமக் கணக்கில்தான் இருக்கிறது, அதை ஏலத்தில் விட வழியே இல்லை. 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு எந்திரங்களுக்கான ஆன்லைன் கடைகளை மூடியது, அதன்பின் அங்கே மட்டுமே இருந்த கேம்களைப் புதிதாக வாங்கவும் முடியாது, வைத்திருப்பவரிடமிருந்து பழையதாக வாங்கவும் முடியாது.

2025-ல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 எந்திரத்தில் புது வகை கேசட் ஒன்று வந்திருக்கிறது. பார்க்க அசல் கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது, டவுன்லோட் செய்ய அனுமதிக்கிற சாவி மட்டும். அதை விற்கலாம், கைமாற்றலாம், செருகினால் வாங்கியவருக்கு ஓடும், நின்டெண்டோவின் சர்வர் அந்தக் கேமைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை. இருபது வருடம் கழித்து யாராவது அதை ஏலத்தில் விட்டால் என்ன போட்டோ எடுத்துப் போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ இல்லை, திறந்து காட்டினாலும் போர்டில் பார்க்க ஒன்றும் இல்லை, மாற்ற பேட்டரியும் இல்லை. செருகி, டவுன்லோட் ஆகிறதா என்று அன்றைய தேதி தெரியும்படி திரையைப் படமெடுத்துப் போட வேண்டியிருக்கும், அந்தப் படம் எடுத்த நாளுக்கு மட்டும்தான் செல்லும்.